பாலும் பல்லும்

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றில், பெற்றோரும் ஆசிரியரும் உயர்தர மாணவரும் கூடியிருந்த மாலை அவையில், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)

மலையில் வேலை முடித்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டில் உலையையும் ஏற்றி இறக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மாருக்கு ஒரு வணக்கம். இன்றைய பேச்சில் பாதி உங்களைப் பற்றியது.

பால் என்றதும் உங்களுக்கு எந்தப் பால் நினைவுக்கு வந்தது? நான் பிறந்து வளர்ந்தது எட்டியாந்தோட்டைப் பக்கம், பாதி தேயிலையும் பாதி இறப்பருமாக இருந்த ஒரு தோட்டத்தில். அப்பா பால் வெட்டுகிறவர். விடிவதற்குள் கத்தியோடு போய்விடுவார். “இன்னைக்கு மழை, பால் இல்ல”, “பால் தண்ணியா இருக்கு”, “பால் நிறுத்தாச்சா” என்று வீட்டில் நாள் முழுக்கப் பால் பேச்சுத்தான். தேத்தண்ணீரில் விடுவதற்கு மட்டும் ஒரு கரண்டிப் பால் இருக்காது. மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடப்பதைப் பிள்ளைகள் நாங்கள் இழுத்து உரித்து உருண்டையாக்குவோம். அது ஒட்டுப்பால். சிங்களத் தொழிலாளரும் அதை ஒட்டபாலு என்றே சொல்வார்கள். ஏழெட்டு வயது வரைக்கும் எனக்குப் பால் என்றால் மரத்திலிருந்து வருவது.

அந்தப் பாலும் தாயின் பாலும் நிறத்தால் ஒன்று. மரம் பால் வடிப்பது தன் காயத்தை மூடிக்கொள்ள, பட்டையைத் துளைக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டவைக்க. தன்னைக் காத்துக்கொள்ளவே வடிக்கிறது. தாயின் மார்பில் சுரக்கும் பாலோ அவளுடைய உடம்பைப் போஷிக்க ஒரு சொட்டும் உதவாது. தன் எலும்பிலிருந்து கல்சியத்தையும் சேர்த்துவைத்த கொழுப்பையும் எடுத்து, இன்னொரு உயிருக்கென்றே அவள் உடம்பு அதைக் காய்ச்சித் தருகிறது.

இப்படிப் பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் விலங்குகள் உலகத்தில் 6,500 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. கடலில் வாழ்வனவற்றையும் சேர்த்து இலங்கையில் ஏறக்குறைய 125. உலகத்திலேயே மிகச் சிறியவற்றில் ஒன்றான, இரண்டு கிராம் எடைகூடத் தேறாத மூஞ்சூறு இனம் ஒன்றும் இந்தத் தீவில் இருக்கிறது. அதே தீவின் மிரிஸ்ஸக் கடலிலும் திருகோணமலைக் கடலிலும் பல பத்துத் தொன் எடையுள்ள நீலத் திமிங்கிலம் வந்து போகிறது. இந்த இரண்டும் ஒரே குடும்பத்து உறவு என்று சொல்வதற்கு நமக்கிருக்கும் முதல் சாட்சி பால்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1758ஆம் ஆண்டு வரைக்கும் அறிஞர்கள் இவற்றை நாலுகால் விலங்குகள் என்றே தொகுத்தார்கள். வௌவாலையும் திமிங்கிலத்தையும் எங்கே வைப்பது? சுவீடன் நாட்டு லின்னேயஸ்தான் காலை விட்டு மார்பைப் பிடித்தார். லத்தீனில் முலையைக் குறிக்கும் சொல்லை எடுத்து இந்த வகுப்புக்குப் பெயர் வைத்தார். அவர் வைத்தியர். பணக்கார வீட்டுக் குழந்தைகளைக் கூலிக்குப் பால் கொடுக்கும் பெண்களிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை எதிர்த்து 1752இல் எழுதியவர். ஒரு தாயின் கடமையைப் பற்றிய கவலை அந்தப் பெயருக்குள்ளும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நம்முடைய பாடப்புத்தகம் அதையொட்டி முலையூட்டி என்கிறது. தமிழ்நாட்டில் பாலூட்டி என்கிறார்கள். சிங்களப் பிள்ளைகள் படிப்பது க்ஷீரபாயி, அதாவது பால் குடிப்பது. நமது சொல் தாயின் பக்கம் நின்று பேசுகிறது, அவர்களுடைய சொல் குட்டியின் பக்கம் நின்று. எது சரி என்று மாணவர்கள் என்னிடம் சண்டை போட்டதுண்டு. பரீட்சைக்கு முலையூட்டி என்றே எழுதுங்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் வாத்தின் அலகு போன்ற வாயோடு ஒரு பிராணி இருக்கிறது, பிளாட்டிபஸ் என்று. அது முட்டையிடும். முலைக்காம்பே கிடையாது. பால் மட்டும் உண்டு. வயிற்றுத் தோலில் வியர்வை போலக் கசியும், குஞ்சு அதை நக்கிக் குடிக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் பாலூட்டி என்ற சொல்லுக்குத்தான் பொருத்தம் கூடுதல். முட்டையின் தோல் காய்ந்துபோகாமல் நனைத்துவைக்கத் தாயின் தோலில் ஊறிய ஈரமே காலப்போக்கில் பாலாக மாறியது என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் குட்டி போடுவதற்கு முன்பே பால் வந்துவிட்டது.

மற்றப் பொதுக் குணங்கள் உங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உடம்புச் சூடு மாறாமல் இருக்கும். மயிர் இருக்கும். முள்ளம்பன்றியின் முள் தடித்துப்போன மயிர்தான். அழுங்கின் செதிலும் நம் விரல் நகமும் ஒரே பொருளால் ஆனவை, அழுங்கைப் புரட்டிப் பார்த்தால் வயிற்றில் மயிர் தெரியும். கழுத்தில் ஏழு எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, உங்கள் காம்பரா மூலையில் ஓடும் மூஞ்சூறுக்கும் ஏழு. தென்னமெரிக்கத் தேவாங்கு என்று சிலர் சொல்லும் ஸ்லோத் போல இரண்டொன்றுதான் விலக்கு. காதுக்குள் மூன்று சிறு எலும்புகள். அவற்றில் இரண்டு, பல்லிக்கும் பாம்புக்கும் தாடை மூட்டாக இருப்பவை. பல்லி கடிக்கப் பயன்படுத்தும் எலும்பைக்கொண்டுதான் நீங்கள் இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி பாலுக்குத் திரும்புகிறேன், எனக்கு ஒரு பழைய கணக்கு அங்கே தீர்க்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு நாள் மத்தியானம் அம்மா கொழுந்துக் கூடைக்குள் ஒரு முயல்குட்டியை வைத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கை அளவு. கண் திறந்திருந்தது, உடம்பெல்லாம் மயிர். “செடிக்கடியில தனியாக் கெடந்துச்சுடா. தாய் விட்டுட்டுப் போயிருச்சு, பாவம்” என்றார். பக்கத்து லயத்து அக்காவிடம் மாட்டுப்பால் வாங்கி, துணித்திரியை நனைத்து நனைத்து அதன் வாயில் வைத்தோம். இராத்திரி இரண்டு தடவை அம்மா எழுந்து கொடுத்தார். குடித்தது. மூன்றாம் நாள் விடியக்காலம் விறைத்துக் கிடந்தது. “நம்ம கைராசி அவ்வளவுதான்” என்று சொல்லி அம்மா அதை வாழையடியில் புதைத்தார். வெகு நாள் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

அம்மாவின் கையில் குறை ஒன்றும் இல்லை என்பதை நான் ஆசிரியரான பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் குட்டியைத் தாய் விட்டுப் போகவும் இல்லை. முயல்தாய் குட்டியைப் புல்லிலோ செடியடியிலோ படுக்கவைத்துவிட்டு வேண்டுமென்றே விலகிப் போய்விடும். தாய் கூடவே இருந்தால் அந்த வாடைக்கு நரியும் கீரியும் வரும். நாளுக்கு ஒரு முறை, இருட்டுகிற நேரத்தில் வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போகும் என்று முயலினங்களை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குட்டி அசையாமல் கிடக்கும். நாள் முழுவதற்கும் அந்த ஒரு வேளை போதவேண்டும் என்பதால் அந்தப் பால் மாட்டுப்பாலைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமான கொழுப்போடு களிபோல இருக்கும். நாங்கள் கொடுத்தது அதற்குத் தண்ணீர். ஆகவே கொழுந்து பறிக்கும் தாய்மாரிடம் கேட்டுக்கொள்கிறேன்: செடிக்கடியில் முயல்குட்டி கண்டால் தொடாதீர்கள். அதன் தாய் பொழுதுபட வரும்.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை பிடிபடுகிறது. தாய் பிள்ளையை விட்டு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் போகலாம் என்பது அவள் பாலிலேயே எழுதியிருக்கிறது. வட அத்திலாந்திக் கடலில் பனிக்கட்டிமேல் குட்டி ஈனும் ஒரு வகைக் கடல்நாய் நான்கே நாள்தான் பால் கொடுக்கும். அந்தப் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதற்கு நேரெதிராக, ஆபிரிக்கக் கறுப்புக் காண்டாமிருகத்தின் பாலில் கொழுப்பு 0.2 வீதம், ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதன் கன்று இரண்டு வருடத்துக்குக் கிட்டத் தாயோடு ஒட்டிக்கொண்டே நடக்கிறது, நினைத்தபோதெல்லாம் குடிக்கிறது. கெட்டிப்பால் என்றால் தாய் தூரத்தில். நீர்ப்பால் என்றால் தாய் பக்கத்தில்.

நம் தோட்டத்தைச் சுற்றியே இரண்டு வகைத் தாயும் உண்டு. மந்தியும் குரங்கும் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போகும். தேவாங்கு குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் அதை ஒரு கிளையில் பிடித்துக்கொண்டிருக்கச் செய்துவிட்டு இரை தேடப் போகும். அழுங்குக் குட்டி தாயின் வாலடியில் தொற்றிச் சவாரி செய்யும். நம் மாவட்டத்திலேயே வவுல்பனே என்ற சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறதல்லவா, பல்லேபெத்தப் பக்கம்? வவுலா என்ற சிங்களச் சொல்லும் நம் வௌவாலும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். குகையில் கூட்டமாக வாழும் வௌவால்களில் பல இனங்கள் குட்டிகளை ஓரிடத்தில் மொத்தமாகத் தொங்கவிட்டுவிட்டு இரவில் பூச்சி பிடிக்கப் போகின்றன. திரும்பிவரும் தாய், ஆயிரக்கணக்கான குட்டிகள் கீச்சிடும் அந்தச் சுவரில் தன் குட்டியைக் குரலாலும் வாடையாலும் கண்டுபிடித்துப் பால் கொடுக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் நம் பிள்ளைக்காம்பராதான் கண்ணில் வந்து நின்றது.

சரி, மனுஷத் தாய் எந்த வகை? பாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். தாய்ப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 வீதம், புரதம் ஒரு வீதம்தான், இனிப்பு மட்டும் 7 வீதம். முயற்குட்டி ஒரு வாரத்துக்குள் பிறந்த எடையைப்போல இருமடங்காகும். கன்றுக்குட்டிக்கு ஒன்றரை மாதம் போதும். நம் பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகும். மெல்ல வளர்கிற பிள்ளைக்கு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதற்கென்று அமைந்த பால் அது. சுமக்கிற தாயின் பால். குரங்கின் பாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அதிகாலைப் பெரட்டுக்குப் போய் மத்தியானம் வரைக்கும் மலையில் நிற்கும் தாய்க்கு முயலின் பால் இல்லை. இது அவளுடைய விருப்பத்தைப் பொறுத்த விஷயமல்ல, உடம்பின் சட்டம்.

நாட்டின் சட்டத்திலும் இது இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் தரவேண்டும் என்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. எனக்கு இந்த வித்தியாசம் மிகவும் பிடிக்கும். சட்டம் எழுதியவர் பிள்ளைக்கும் தாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்திருக்கிறார். ஆனால் செங்குத்தான மலையின் உச்சிச் செடியிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி ஏறவே அரை மணி போய்விடுகிற இடங்கள் நம் தோட்டங்களில் உண்டு. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுவதும் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். அதற்குக் காரணம் பல. வருமானம், தாயின் சாப்பாடு, தண்ணீர், நோய் எல்லாம் சேர்கின்றன. ஆனாலும் அந்த அரை மணியை யாராவது குறைக்கப் பார்த்தால், விலங்கியல் படித்தவன் என்ற முறையில் நான் அதை எதிர்த்துப் பேசுவேன். நீங்களும் பேசவேண்டும்.

பாலும் பல்லும் சேர்ந்து நிற்கும் விலங்கு யானை. அதை வைத்து அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

உடவளவையில் 1995 முதல் தாயை இழந்த யானைக் கன்றுகளுக்கு ஓர் இல்லம் நடக்கிறது. பால் கொடுத்து வளர்த்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். கேகாலைப் பிள்ளைகளுக்குப் பின்னவல தெரிந்திருக்கும். அங்கே 1975 முதல் நடக்கிறது, 2021 ஆகஸ்டில் இரட்டைக் கன்று பிறந்ததும் அங்கேதான். உடவளவையில் பால் வேளைக்குப் போய்ப் பாருங்கள். கன்று ஓடிவரும், தும்பிக்கையைத் தலைக்கு மேல் சுருட்டித் தூக்கிக்கொண்டு வாயைத் திறக்கும். தும்பிக்கையால் பால் குடிக்காது, வாயால்தான் குடிக்கும். யானைத் தாய்க்கு மாட்டைப்போலப் பின்னங்கால்களுக்கு இடையில் மடி இல்லை. மனுஷிக்குப் போல மார்பில், முன்னங்கால்களுக்கு இடையில், இரண்டு முலைகள். முதன்முதல் அதைக் கவனித்த அன்று நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இப்போது பல்லுக்கு வருவோம். பாலுக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு? பால்பல் என்ற சொல்லிலேயே இருக்கிறது. முதலைக்குப் பல் விழ விழ வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி முளைக்குச்சிகள், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. முட்டையை விட்டு வந்த நாளிலிருந்தே அது தானே கடித்துத் தின்னவேண்டும். பால் குடிக்கிற குட்டிக்கு அந்த அவசரம் இல்லை. பல் இல்லாமலே தாடை வளரலாம். அதற்குப் பிறகு ஒரு சிறு தொகுதி, தாடை பெருத்ததும் ஒரு பெரிய தொகுதி. மேலும் கீழும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகிற அளவுக்கு அவற்றை அமைக்க முடிந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னே, எலி அளவிலிருந்த நம் ஆதி உறவினருக்கே இந்த இரண்டு தொகுதிப் பல் இருந்தது.

பொருந்துகிற பல் வந்தபின், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி போயிற்று. பால் ஒன்றாக்கியதைப் பல் பிரித்தது. முள்ளம்பன்றிக்கும் எலிக்கும் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறிக்காவிட்டால் வாயை மூடமுடியாமல் செத்துப்போகும். அதனால்தான் தேங்காயையும் மரப்பட்டையையும் விட்டுவைப்பதில்லை. மாட்டுக்கு மேல்வாயின் முன்பக்கம் பல்லே இல்லை, கெட்டியான ஈறுதான். சருகுமானுக்குக் கொம்பு கிடையாது, பதிலுக்கு ஆணின் மேல்வாயில் இரண்டு வேட்டைப்பல் வெளியே நீண்டிருக்கும். அழுங்குக்கு ஒரு பல்லும் இல்லை. எறும்பையும் கறையானையும் நாக்கால் இழுத்து விழுங்கி, இரைப்பையில் சிறு கற்களோடு அரைத்துக்கொள்ளும். யானைக்கு ஆறு தடவை கடைவாய்ப்பல் வரும், நம்மைப்போல் கீழிருந்து மேலே முளைக்காமல், பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு. ஆறாவது தேய்ந்தபின் புல்லை அரைக்க வழியில்லை. வேறு நோய் இல்லாவிட்டாலும் கிழட்டு யானையின் முடிவு பல்லில்தான்.

மந்தியையும் குரங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நம்மைப்போலவே 32 பல். ஆனால் குரங்கு பழத்தைப் பறித்துக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு ஓடும். ஊதாமுக மந்திக்குக் கன்னப்பை கிடையாது. அது இலை தின்பது. கடைவாய்ப்பல்லின் முனை கூராக இருந்து இலையை நறுக்கும், வயிறு மாட்டினுடையதைப்போல அறை அறையாக இருந்து நொதிக்கவைக்கும். ஒரே பலாமரத்தில் இருப்பதால் நாம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறோம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் நாடு முழுக்க ஐந்து நிமிடம் பயிரழிக்கும் விலங்குகளை எண்ணச் சொன்னார்களே, அன்றைக்கு நம் வீட்டு முற்றங்களில் இரண்டும் ஒரே தாளில் ஏறின. பயிர் போகிறவனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும், என் வீட்டு வாழைக்குலையும் போயிருக்கிறது. ஆனாலும் ஊதாமுக மந்தி உலகத்தில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை, அருகிவரும் இனம். அதற்குத் தனித் தாள் வேண்டும்.

இனிச் சொல்லப்போவது இரத்தினபுரிக்கே உரியது. மாணிக்கக் குழியில் இறங்கியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். களிமண்ணைத் தாண்டிக் கீழே போனால் இல்லம் என்கிற சரளை மண் வரும். அதைக் கூடையில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிக் கழுவும்போது கல்லோடு கல்லாகச் சில சமயம் கறுத்துப்போன, கனமான, ஒரு பக்கம் பளபளப்பான துண்டு அகப்படும். மாணிக்கம் இல்லை என்று தெரிந்ததும் வீசிவிடுவார்கள். அப்படி வீசாமல் வைத்திருந்த துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல. 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் தலைவராக இருந்தவர். அந்தத் துண்டுகள் பற்கள். எலும்பு உக்கிப் போகும், பல் எனாமலின் பலத்தால் நிற்கும்.

அந்தப் பற்கள் என்ன சொல்லின? இந்த இரத்தினபுரிப் பள்ளத்தாக்கில் நீர்யானை இருந்தது. இன்று ஆபிரிக்காவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத நீர்யானை. காண்டாமிருகம் இருந்தது. காட்டெருமைபோன்ற கவர மாடு இருந்தது. குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு 1939இல் அவர் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயர் வைத்தார். நாட்டின் கொடியில் நிற்கிற சிங்கம் இந்தத் தீவின் மண்ணில் விட்டுச் சென்ற சாட்சி இரண்டே இரண்டு பல். அவற்றில் ஒன்று, கத்தரிக்கோலின் அலகுபோல இறைச்சியை வெட்டும் கீழ்க் கடைவாய்ப்பல். பாலூட்டியின் பல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வடிவம் உடையது என்பதால்தான் ஒற்றைப் பல்லைக் கொண்டு ஒரு விலங்கையே சொல்ல முடிகிறது. முதலையின் பல்லை வைத்து இப்படித் துல்லியமாகச் சொல்வது மிகக் கடினம். கடல் தாழ்ந்திருந்த பனிக்காலங்களில் இந்தியாவிலிருந்து தரைவழியாக வந்தவை அவை. நீரும் புல்வெளியும் அகன்று கிடந்த காலம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

அதே குருவிட்டப் பக்கத்தில் பட்டதொம்பலென, கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில் பெலிலென. பாடத்தில் படித்த, ஆதிகாலத்துப் பலாங்கொடை மனிதரின் குகைகள். அவர்களுடைய அடுப்புச் சாம்பலுக்குள் அதிகம் கிடப்பது மந்தி, குரங்கு, அணில் ஆகியவற்றின் எலும்பு. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த கட்டுரையும் அதையே சொன்னது: ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மழைக்காட்டில் மரமேறி விலங்குகளை வேட்டையாடி வாழ்ந்திருக்கிறார்கள். வளர்ந்த விலங்குகளையே பெரும்பாலும் பிடித்திருக்கிறார்கள். குரங்கு எலும்பைக் கூராக்கி அம்புமுனை செய்திருக்கிறார்கள். அத்தனை ஆயிரம் ஆண்டு வேட்டைக்குப் பிறகும் மந்தியும் குரங்கும் அணிலும் இன்றைக்கும் நம் மரத்தில் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. கம்பிச் சுருக்கு. 2020 மே மாத இறுதியில், சிவனொளிபாதமலைக்கு அந்தப் பக்கம், நல்லதண்ணியில், மரக்கறித் தோட்டத்தோரம் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக்கொண்டது. மயக்க ஊசி போட்டு எடுத்து நம் மாவட்டத்து உடவளவைக்குக் கொண்டுவந்தார்கள். யானைக் கன்றுக்குப் பால் கொடுக்கிற அதே இடத்து வைத்தியசாலைக்கு. சில நாளில் இறந்துபோனது. நாம் வழக்கத்தில் புலி என்கிறோம், ஆனால் புலி இன்று இலங்கையில் இல்லை, சிங்கமும் இல்லை. அந்த இரண்டும் போனபின் காட்டின் உச்சியில் நிற்கும் ஒரே வேட்டை விலங்கு இந்தச் சிறுத்தை. நாடு முழுவதிலும் வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. தேயிலைக்கும் காட்டுக்கும் இடையில் கிடக்கிற ஓடையோரப் பற்றைகளில்தான் அது நடமாடுகிறது, நம் கால்படும் இடத்தில். சுருக்குக் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, பால் கொடுக்கப் போகிற மரைத்தாய் எது என்று தெரியாது. பன்றிக்கு வேலி போடுங்கள், தகரம் தட்டுங்கள், தோட்ட நிர்வாகத்திடம் நஷ்டத்தைக் கேளுங்கள். சுருக்கு வைப்பவர் உங்கள் லயத்தில் இருந்தால், அவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் நான் போய்ச் சொன்னேன். ஒருவர் கேட்டார், ஒருவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் திரும்பவும் போவேன்.

குழியில் இறங்குகிற தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கறுத்த பல் அகப்பட்டால் வீசாதீர்கள். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, பல்லோடு சேர்த்துக் கட்டி, இரத்தினபுரி நூதனசாலையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆழம் எழுதாத பல் பாதி ஊமை.

மேசையில் சில தாடைகள் வைத்திருக்கிறேன், எல்லாம் இந்தப் பாடசாலைப் பிள்ளைகள் பல வருடமாகப் பொறுக்கிச் சேர்த்தவை. மாடு, பன்றி, நாய், எலி. கடைசியில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அதற்குள் பஞ்சில் மூஞ்சூறின் தாடை. மூஞ்சூறை எலி என்று நினைத்து அடிக்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலிக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் வெற்றிடம். மூஞ்சூறுக்கு வெற்றிடமே இல்லை, வரிசையாக ஊசிமுனைகள், கரப்பானையும் பூச்சியையும் கடித்து உடைக்க. அது உங்கள் அரிசிக்கு வருவதில்லை. மூஞ்சூறுத்தாய் இடம் மாறும்போது குட்டிகள் ஒன்றின் வாலடியை மற்றொன்று கவ்விக்கொண்டு, தாயின் பின்னால் ஒரே கயிறுபோல ஓடும். முதற்குட்டி தாயைக் கவ்வியிருக்கும். எங்கள் ஸ்தோப்பின் ஓரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அம்மா எனக்கு அதைக் காட்டியிருக்கிறார். துடைப்பத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

வாருங்கள், ஒவ்வொருவராக வந்து கையில் எடுத்துப் பாருங்கள். தீப்பெட்டியை மட்டும் மெதுவாகத் திறவுங்கள்.